தூக்குமரத்தடியில் ஒரு குரு

தொன் போஸ்கோவை நம் பங்கில் அறியாதவர் இல்லை. அவருடைய ஆன்ம குருவான புனித சூசை கஃபாசோவை அறிந்தவரோ நம்முள் மிகச் சிலரே. 1811-இல் இத்தாலியில், தொன் போஸ்கோவின் ஊரான கஸ்தல்நுவோவோ தஸ்தியிலேயே பிறந்தார். முதுகெலும்பு வளைந்த சிறிய உருவம். 1833-இல் குருவானார். தூரின் நகரில் இளங்குருக்களுக்கு அறநெறி இறையியல் கற்பித்தார்.

ஆயினும் அவருடைய மெய்யான பங்கு சிறைச்சாலையே என்போம். பேனும் நாற்றமும் நிறைந்த கொட்டடிகளில் மணிக்கணக்காய்க் கைதிகளோடு அமர்ந்திருந்தார். அவர்களுக்குப் புகையிலை கொண்டுபோனார் (முகம் சுளிக்கும் பக்திமான்கள் பொறுத்தருள்க!). பாவசங்கீர்த்தனம் கேட்டார். மரணத் தீர்ப்புப் பெற்ற 50-க்கும் மேற்பட்டோருடன் தூக்குமரம்வரை சென்றார். ஒருமுறை உடன்சென்ற தொன் போஸ்கோ அக்காட்சி தாளாமல் மயங்கிவிட்டார்.

அத்தண்டனையை ஒழிக்கக் கஃபாசோ போராடினாரா? இல்லை, மறைப்பதற்கில்லை. பாப்பரசரின் ஆட்சிப்பகுதியிலேயே 1870 வரை அது நிறைவேற்றப்பட்டது. கொடியவரிடமிருந்து மக்களைக் காக்க வேறு வழியில்லை என்று நம்பிய காலம் அது. குருமடத்தில் நாம் கற்ற பாடமும் அதற்குச் சிறிது இடமளித்தது. சிறைக் காவல் மேம்பட்டுவிட்டதால் அதற்கான தேவை அநேகமாக இல்லை என 1995-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் எழுதினார். 2018-இல் பாப்பரசர் பிரான்சிஸ் மறைக்கல்வி ஏட்டையே திருத்தினார்: எவ்வளவு கொடிய குற்றம் புரிந்தவனும் மனித மாண்பை இழப்பதில்லை, ஆகவே மரண தண்டனை ஏற்கத்தகாதது.

1860 ஜூன் 23-இல் கஃபாசோ மறைந்தார், 1947-இல் புனிதரானார். தூரினில் தூக்குமரம் நின்ற சந்தியில், சாகப்போகும் கைதிக்கு ஆறுதல் கூறும் கோலத்தில் அவருடைய சிலை நிற்கிறது.