பட்டையைத் தின்று பார்த்த டாக்டர்

ஹோமியோபதியைத் தந்த டாக்டர் சாமுவேல் ஹானிமன் 1755-இல் ஜெர்மனியின் மைசன் நகரில் ஒரு பீங்கான் ஓவியரின் மகனாய்ப் பிறந்தார். அந்நாளில் பல நோய்களுக்கும் ரத்தத்தை வடிய விடுவதுதான் வைத்தியம். அந்தக் கொடுமை பொறுக்காமல் டாக்டர் தொழிலையே விட்டார். மொழிபெயர்ப்பு வருமானத்தில் பெரிய குடும்பம் அரை வயிறும் கால் வயிறுமாய் ஓடியது.

1790-இல், சின்கோனா பட்டை மலேரியாவைத் தீர்ப்பதற்கு ஒரு நூல் சொன்ன காரணம் அவருக்கு ஒப்பலை. தானே பட்டையைத் தின்றார். காய்ச்சல் குறிகள் தெரிந்தன. நோயைப் போன்ற குறிகளைத் தருவதே நோயைத் தீர்க்கும் என்று முடிவு கட்டினார்.

மருந்து செய்வது இப்படி: ஒரு சொட்டு மதர் டிங்சரை 99 சொட்டு ஆல்கஹாலில் விட்டுக் குலுக்கணும். அதில் ஒரு சொட்டு, மறுபடி 99. முப்பது தடவை செய்தால் '30'. அதில் நனைத்த சர்க்கரை உருண்டையைக் கைபடாமல் நாக்கில் போட்டுக் கரைய விடணும். காபி கூடாதாம், கும்பகோணம் பக்கத்து ஆளுக்கு அதுதான் கஷ்டம்!

1843-இல் பாரிஸில் மறைந்தார். அந்த 1840-களிலேயே நம்ம தஞ்சாவூரில் டாக்டர் ப்ரூக்கிங் ஹோமியோபதி ஆஸ்பத்திரி திறந்துவிட்டார்.

அவகாட்ரோ எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால், 12 தடவைக்கு மேல் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது. வெறும் சர்க்கரை உருண்டையை விஞ்சும் பலன் உண்டென்று ஆய்வுகளும் நிலைநாட்டலை. மாணவத் தம்பி தங்கைகளே, ஏட்டில் இருப்பதையும் சோதித்துப் பார்த்த அவர் துணிச்சல் நமக்கு வேணும். அந்தச் சோதனை அவர் மருந்துக்கும் பொருந்தும்.