உயிரணுவின் வாசலில் ஒரு தூதன்

அச்சம் நேர்ந்த மறுகணமே இதயம் படபடக்கிறது. அட்ரினலின் என்னும் இயக்குநீர் குருதியில் கலந்து இதயத்தை எட்டியதன் விளைவு அது. ஆனால், அட்ரினலின் இதயத்தின் உயிரணுக்களுக்குள் நுழைவதே இல்லை. வாசலில் நின்று செய்தி சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. வெளியே சொன்ன செய்தி உள்ளே எவ்வாறு போய்ச் சேர்கிறது என்ற கேள்விக்கு விடை தேடித் தந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க உயிர்வேதியியல் அறிஞர் மார்ட்டின் ராட்பெல். அவரது கண்டுபிடிப்பைவிட, அதற்கு நோபல் பரிசு கிடைத்த ஆண்டில் அவர் இருந்த நிலையே பொருளியல் கற்பித்த என்னை அதிகம் சிந்திக்க வைக்கிறது.

1925 டிசம்பர் 1 அன்று பால்டிமோர் நகரில் மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் ராட்பெல். 1943-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது உயிரியலோடு பிரெஞ்சு இலக்கியமும் அவரை ஈர்த்தது. இரண்டாம் உலகப் போர் படிப்பைத் தடுத்தது. கடற்படையில் வானொலிச் செய்தி இயக்குநராகப் பணியாற்றினார். போர் முடிந்த பின் பட்டம் பெற்று, 1954-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். 1956-இல் பெதஸ்டாவில் உள்ள அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

1964-இல் கொழுப்புத் திசுவிலிருந்து உயிரணுக்களைச் சிதையாமல் பிரித்தெடுக்கும் முறையை அவர் வகுத்தார். இயக்குநீர்கள் அந்த உயிரணுக்களின் மீது செயல்படுவதை நேரடியாக ஆராய அம்முறை வழி திறந்தது. செய்தி வந்ததும் உயிரணுவுக்குள் 'சுழல் ஏஎம்பி' என்ற இரண்டாம் தூதுப் பொருள் உருவாகிறது என்பதை ஏர்ல் சதர்லேண்ட் முன்னரே கண்டறிந்திருந்தார். இந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதுதான் ராட்பெல்லின் கேள்வி. செய்தியை இனங்காணும் ஏற்பி, அதை மாற்றிக் கடத்தும் உறுப்பு, பெருக்கித் தரும் நொதி என மூன்று இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். இக்கருத்தைக் கணினித் தகவலியலிலிருந்து அவர் பெற்றார். போர்க்காலத்தில் வானொலிச் செய்திகளைக் கையாண்டவருக்கு அந்த ஒப்புமை இயல்பாகவே வாய்த்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடத்தும் உறுப்பு உண்டு என்பதற்கான தடயம் சற்றும் எதிர்பாராத வகையில் கிடைத்தது. கல்லீரல் உயிரணுச் சவ்வில் ஒட்டியிருந்த குளூக்ககான் இயக்குநீர், அடினோசின் டிரைபாஸ்பேட் சேர்த்ததும் விடுபட்டது. ஆராய்ந்தபோது, அந்த வேதிப்பொருளில் மாசாகக் கலந்திருந்த குவனோசின் டிரைபாஸ்பேட்டுக்கே அந்த ஆற்றல் மிகுதியாக இருப்பது தெரியவந்தது. மாசு என்று ஒதுக்காமல் அதைப் பின்தொடர்ந்த அவர், 1971-இல் முடிவுகளை வெளியிட்டார். 1980-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் கில்மன் குழுவினர் அந்தக் கடத்தும் உறுப்பையே பிரித்தெடுத்தனர். அதுவே ஜி புரதம்.

அது செயல்படும் விதம் எளிமையானது. ஓய்வு நிலையில் அது குவனோசின் டைபாஸ்பேட்டைப் பற்றியிருக்கும். ஏற்பியை இயக்குநீர் தொட்டதும், அதை விட்டுவிட்டு டிரைபாஸ்பேட்டைப் பற்றிக்கொள்ளும். அதன் ஒரு கூறு பிரிந்து சென்று நொதியைத் தூண்டும். பின்னர், தான் பற்றியதைத் தானே சிதைத்து மீண்டும் ஓய்வு நிலைக்குத் திரும்பும். அணைய வேண்டிய நேரத்தில் அணையாவிட்டால் என்னவாகும் என்பதைக் காலரா காட்டுகிறது. 1959-இல் கொல்கத்தாவில் சம்புநாத் டே இருப்பதை மெய்ப்பித்த காலரா நச்சு, குடல் உயிரணுக்களின் ஜி புரதத்தை இயங்கு நிலையிலேயே பூட்டிவிடுகிறது. உடலின் நீரும் உப்பும் வெள்ளமாய் வெளியேறுகின்றன. இன்று புழக்கத்திலுள்ள மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஜி புரதங்களோடு இணைந்த ஏற்பிகளின் வழியாகவே செயல்படுகின்றன.

1985-இல் வட கரோலினாவில் உள்ள சுற்றுச்சூழல் நலவாழ்வு அறிவியல் நிறுவனத்தின் அறிவியல் இயக்குநரானார் ராட்பெல். 1994-இல், தாம் விரும்பிய ஆய்வுக்கு நிதி இல்லாத நிலையில் முன்கூட்டியே ஓய்வு பெற்றார். சில மாதங்களில் அவருக்கும் கில்மனுக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. உடனடிப் பயன் தரும் ஆய்வுகளுக்கே அரசு நிதி ஒதுக்குவதை அவர் அப்போது வெளிப்படையாகக் கண்டித்தார். 1998 டிசம்பர் 7 அன்று, 73-ஆம் வயதில் மறைந்தார்.

அடிப்படை அறிவு ஒரு பொதுப்பண்டம். அதன் பயனை எவரும் தனக்கென அடைத்து வைக்க இயலாது. ஆகவே சந்தை அதற்குப் போதிய முதலீடு செய்யாது. அந்த இடைவெளியை நிரப்புவதற்கே அரசு இருக்கிறது. கொழுப்பு உயிரணுவைப் பிரித்தெடுப்பதால் என்ன வருவாய் என்று 1964-இல் கேட்டிருந்தால், ராட்பெல்லாலும் விடை சொல்லியிருக்க முடியாது. அன்று அப்படிக் கேட்காமல் ஊதியம் வழங்கிய அதே அரசு, இறுதியில் அவருக்கு இல்லை என்றது. ஆராய்ச்சிக்கான செலவு நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்தைக்கூட எட்டாத நம் நாட்டில், ஆய்வு முன்மொழிவுகளில் பயனை மட்டுமே தேடுவோர் இந்த வாழ்க்கையை ஒருமுறை எண்ணிப்பார்ப்பது நல்லது.