வீணை தனம்மாள்

இசையுலகில் தலைசிறந்தவர் யார் என்று வினவினால் ஆளுக்கொரு பெயர் சொல்வோம். ஒருத்தி பீத்தோவன் என்பாள், மற்றொருத்தி எம். எஸ். சுப்புலட்சுமி என்பாள், இன்னொருத்தி இளையராஜா என்று அடித்துச் சொல்வாள். நாங்களோ, நம் இராயபுரத்தை அடுத்த ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த ஒரு பெண்மணியைச் சொல்வோம். அவரே வீணை தனம்மாள்.

தனம்மாள் 1867ஆம் ஆண்டு பிறந்தார். பாட்டியார் காமாட்சி தஞ்சை அரசவையில் ஆடியவர். தாயார் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரியின் மைந்தர் சுப்பராய சாஸ்திரியிடம் இசை பயின்றவர். ஆடலும் பாடலும் தாய்வழிச் சொத்தாக வந்த குலம் அது. அக்கலையைக் கேட்டு மகிழ்ந்த சமூகமே அக்குலப் பெண்களை இழிவாகவும் பேசியது. அந்த இழிசொல்லுக்குத் தனம்மாள் தம் வீணையாலேயே விடை தந்தார். தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சாத்தனூர் பஞ்சநதய்யரிடமும், பதங்களைப் பார்வையற்ற இசைவாணர் பாலதாஸ் நாயுடுவிடமும் கற்றுத் தேர்ந்தார்.

வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் இல்லத்தில் இசை ஒலிக்கும். பெரிய மண்டபமில்லை, ஒலிபெருக்கியில்லை. விரல் நகத்தால் மென்மையாக மீட்டி, உடன் மெல்லப் பாடுவார். சிறு சலசலப்பையும் அவர் பொறுக்கமாட்டார். ஆகவே பெரிய வித்துவான்களும் அங்கே மூச்சடக்கி அமர்ந்து கேட்டனர்.

துன்பங்களும் அவரை விடவில்லை. பொருள் முடை வாட்டியது. முதுமையில் கண்பார்வையும் மங்கி மறைந்தது. ஆயினும் வீணையை அவர் கைவிடவில்லை. செவித்திறன் இழந்த பின்னும் இசை படைத்த பீத்தோவனை உலகம் வியக்கிறது. பார்வை போன பின்னும் மீட்டிய தனம்மாளை நாம் வியக்க வேண்டாமா?

ஒரு சிறிய வீட்டில் சிலர் மட்டுமே கேட்ட இசை எப்படித் தலைசிறந்ததாகும் என்று சிலர் கேட்கலாம். கூட்டத்தைக் கொண்டு கலையை அளந்தால் அது நியாயமான கேள்வியே. ஆனால் ஒரு விளக்கின் பெருமை, அதிலிருந்து எத்தனை விளக்குகள் ஏற்றப்பட்டன என்பதிலும் உண்டல்லவா? 1938ஆம் ஆண்டு தனம்மாள் மறைந்தார். அவர் ஏற்றிய விளக்குகள் அணையவில்லை. பேத்தி பாலசரஸ்வதி 1963இல் எடின்பரோ விழாவில் ஆடி நம் பரதத்தின் புகழை உயர்த்தினார். அவர் 1973இலும், மற்றொரு பேத்தி பிருந்தா 1976இலும் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றனர். எந்தக் குலத்துப் பெண்களை ஊர் இழித்துப் பேசியதோ, அக்குலப் பெண்களுக்கே அவ்வரிய விருது கிட்டியது.

தோழியரே! துறைமுகத்து லாரிகளும் ஆலைச் சங்குகளும் ஓயாது ஒலிக்கும் வடசென்னை இது. இங்கே சத்தத்துக்குப் பஞ்சமில்லை. இதற்கு அருகிலேதான் ஒரு பெண், மெல்லிய ஒலியால் பேரறிஞரையும் அமைதியாக அமரச் செய்தார். உரக்கப் பேசினால்தான் உலகம் கேட்கும் என்பதில்லை. பழுதறக் கற்று, கற்றதைப் பிறருக்கு அளித்தால் உலகம் தேடிவந்து கேட்கும். தனம்மாளின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே. நாமும் அவ்வழி நடப்போமாக!