இசைக்குக் கோயில் எடுத்த நாகரத்தினம்மாள்

நுழையுமுன்

பாடகர் ஒருவர் மறைந்த பின்னர் அவரைப் போற்றும் வழிகள் பல. சிலை வைக்கலாம், மண்டபம் எழுப்பலாம். ஆயினும், அவருடைய பாடல்களை ஆண்டுதோறும் ஒன்றுகூடிப் பாடுவதே அவருக்குச் செய்யும் சிறந்த அஞ்சலியாகும். அவ்வாறு பாடும் உரிமை ஒரு காலத்தில் எல்லார்க்கும் கிடைக்கவில்லை. அவ்வுரிமைக்காகத் தம் வாழ்வையும் செல்வத்தையும் அளித்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

எல்லை கடந்து வரும் கலைமகள்

ஆண்டுதோறும் நவராத்திரி விழாவிற்கு முன்னர், குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரத்திலிருந்து கலைமகளின் திருவுருவம் திருவனந்தபுரத்திற்கு ஊர்வலமாக எடுத்துச் செல்லப்படுகிறது. வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் எழுந்தருளுகின்றனர். களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடக்கும் அவ்வூர்வலம், பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகச் செல்கிறது. கோட்டுகால் முதலிய சுற்றூர்களில் வாழ்வோர்க்கு அது பழகிய காட்சி. தமிழ் பேசுவோரும் மலையாளம் பேசுவோரும் சாலையோரத்தில் ஒன்றாக நின்று வணங்குவர்.

திருவனந்தபுரத்தில் பத்மநாப சுவாமி கோயிலின் அருகில் நவராத்திரி மண்டபம் உள்ளது. அங்கே ஒன்பது நாள் மாலையிலும் கலைமகளின் திருமுன் இசைக்கச்சேரி நடைபெறும். திருவிதாங்கூர் மன்னரும் பாடலாசிரியருமான சுவாதித் திருநாள் (1813–1846) இயற்றிய நவராத்திரிக் கீர்த்தனங்கள் அங்குப் பாடப்படுகின்றன. மன்னர் மறைந்து நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவருடைய இசை அங்கே வாழ்கிறது. எனினும் அம்மண்டபத்தில் நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே பாடிவந்தனர். இத்தகைய தடை அங்கு மட்டுமன்று, காவிரிக் கரையிலுள்ள திருவையாற்றிலும் இருந்தது. அதனை முதலில் எதிர்த்து நின்றவர் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

திருவையாற்றுத் தியாகராஜர்

கருநாடக இசையின் மும்மூர்த்திகள் எனப் போற்றப்படுவோர் தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகியோர். மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். தியாகராஜர் 1767-ஆம் ஆண்டு பிறந்து, தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் திருவையாற்றில் கழித்தார். அரிசி முதலியவற்றைத் தெருவில் பாடிப் பெற்று எளிய வாழ்வு நடத்தினார். இராமபிரான்மீது தெலுங்கிலும் வடமொழியிலும் நூற்றுக்கணக்கான கீர்த்தனங்களை இயற்றிப் பாடினார். 1847-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6-ஆம் நாள் மறைந்தார். காவிரிக் கரையில் அவருக்குச் சமாதி அமைக்கப்பட்டது.

அவர் மறைந்தாலும் அவருடைய பாடல்கள் மறையவில்லை. மாணவர்கள் அவற்றை ஓலையில் எழுதிக் காத்தனர். தம் மாணவர்களுக்குக் கற்பித்தனர். வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் போன்றோர் தம் ஆசிரியரைப் போற்றித் தாமே பாடல்களும் இயற்றினர். இவ்வாறு பாடல்கள் ஊர் ஊராகப் பரவின. ஆனால், சமாதியோ கவனிப்பாரின்றிப் பாழடைந்தது. உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் என்னும் இரு மாணவர்கள் தம் முதுமைக் காலத்தில், 1903-ஆம் ஆண்டு, அதனைக் கண்டறிந்து செப்பனிட்டனர். சில ஆண்டுகளில் ஆராதனை விழாவும் தொடங்கியது. விரைவிலேயே விழா நடத்துவோரிடையே பிணக்கு எழுந்தது. பெரிய கட்சி, சின்னக் கட்சி என இரு பிரிவினர் தனித்தனியே விழா எடுத்தனர். பலவற்றில் மாறுபட்ட இரு கட்சியினரும் ஒன்றில் மட்டும் ஒன்றுபட்டிருந்தனர்: ஆராதனையில் பெண்கள் பாடுதல் கூடாது என்பதே அது.

நாகரத்தினம்மாளின் இளமை

நாகரத்தினம்மாள் 1878-ஆம் ஆண்டு மைசூருக்கு அருகிலுள்ள நஞ்சன்கூட்டில் பிறந்தார். தாயார் புட்டுலட்சுமி. அவர் தேவதாசி மரபைச் சேர்ந்தவர். கோயில்களிலும் அரசவைகளிலும் இசையையும் நடனத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தோர் அம்மரபினர். அக்காலச் சமூகம் அவர்களுடைய கலையை விரும்பியது. ஆனால் அவர்களுக்கு உரிய மதிப்பை அளிக்கவில்லை. தந்தையின் ஆதரவின்றியே நாகரத்தினம்மாள் வளர்ந்தார்.

வறுமையிலும் தாயார் மகளின் கல்வியைக் கைவிடவில்லை. வடமொழி, கன்னடம், தெலுங்கு ஆகியவற்றை மகள் கற்க வழிசெய்தார். பெங்களூரில் முனுசாமியப்பா என்பவரிடம் நாகரத்தினம்மாள் இசை பயின்றார். முனுசாமியப்பா, வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரின் மகனான கிருஷ்ணசாமி பாகவதரிடம் கற்றவர். ஆகவே தியாகராஜரின் இசை, மாணவர் வழியாக வழுவாமல் நாகரத்தினம்மாளை வந்தடைந்தது. இளம் வயதிலேயே அவர் தாயாரை இழந்தார். துயரம் பெரிதாயினும் பயிற்சியை நிறுத்தவில்லை. விரைவில் மைசூர் அரசவையில் பாடும் சிறப்பைப் பெற்றார்.

சென்னையில் பெற்ற புகழ்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் சென்னையில் குடியேறினார். ஜார்ஜ் டவுன் பகுதி அக்காலத்தில் இசைவாணர்கள் பலர் வாழ்ந்த இடம். புகழ்பெற்ற வீணை தனம்மாளின் நட்பும் அவருக்குக் கிடைத்தது. கன்னட நாட்டில் பிறந்து, தமிழ் மண்ணில் குடியேறி, தெலுங்குக் கீர்த்தனங்களைப் பாடிய அவரைப் பல மொழியினரும் தம்மவராகவே கருதினர். ஆயிரத்திற்கும் மேற்பட்ட கச்சேரிகளில் பாடிச் செல்வமும் ஈட்டினார். வித்யாசுந்தரி என்னும் பட்டம் அவர் பெயரோடு இணைந்தது.

புலமையிலும் அவர் சிறந்து விளங்கினார். தஞ்சை மராட்டியர் அவையில் வாழ்ந்த முத்துப்பழனி என்னும் பெண்பாற் புலவர் தெலுங்கில் ஒரு காவியம் இயற்றியிருந்தார். பின்னர் அச்சான பதிப்பு ஒன்றில், அப்புலவர் தம் தாயையும் பாட்டியையும் பற்றிக் கூறிய பகுதி விடப்பட்டிருந்தது. நாகரத்தினம்மாள் பழைய சுவடியைத் தேடிப் பெற்று, நூலை முழுமையாக 1910-ஆம் ஆண்டு பதிப்பித்தார். அரசு அந்நூலைத் தடைசெய்தது. பல ஆண்டுகளுக்குப் பின்னரே அத்தடை நீங்கியது. பெண்ணின் குரல் மறைக்கப்படும் இடத்தில் அதனை மீட்க வேண்டும் என்னும் உறுதி அவரிடம் அப்போதே இருந்தது.

காவிரிக் கரையில் ஒரு கோயில்

திருவையாற்றில் தியாகராஜர் சமாதி மீண்டும் சீரழிந்து கிடக்கும் செய்தி நாகரத்தினம்மாளுக்கு எட்டியது. தம் வாழ்வுக்கு ஊற்றாக விளங்கிய பெருமானின் இடம் அவ்வாறு கிடப்பதை அவரால் பொறுக்க இயலவில்லை. நேரில் சென்று கண்டார். அவ்விடத்தில் கோயில் எழுப்ப உறுதி பூண்டார்.

சமாதி அமைந்த நிலத்தை முறைப்படி பெற்றார். 1921-ஆம் ஆண்டு திருப்பணி தொடங்கியது. பொருள் திரட்டுவது எளிதாக இல்லை. தாம் பாடி ஈட்டிய பணத்தையும் சேர்த்து வைத்த நகைகளையும் திருப்பணிக்கே செலவிட்டார். தியாகராஜரின் திருவுருவச் சிலையும் செய்விக்கப்பட்டது. 1926-ஆம் ஆண்டு கோயிலுக்குக் குடமுழுக்கு நடைபெற்றது. நாள்வழிபாட்டிற்கும் அவரே ஏற்பாடு செய்தார். வழிபாட்டில் சொல்வதற்காகத் தியாகராஜரின் நூற்றெட்டுத் திருப்பெயர்களை வடமொழியில் தொகுத்து இயற்றினார். இசைப்புலவர் ஒருவருக்கு எழுப்பிய கோயிலில், இன்னோர் இசைப்புலவர் இயற்றிய போற்றி ஒலித்தது.

கட்டியவர்க்கே பாட இடமில்லை

கோயில் எழுந்தது, ஆயினும் வழக்கம் மாறவில்லை. ஆராதனையின்போது தியாகராஜரின் திருமுன் பாடவும் அரிகதை நிகழ்த்தவும் நாகரத்தினம்மாள் விரும்பினார். விழா நடத்திய இரு கட்சியினரும் அதற்கு இசையவில்லை. அவர் அளித்த கோயிலை ஏற்றுக்கொண்டவர்கள் அவருடைய குரலை ஏற்றுக்கொள்ளவில்லை. பெண் என்பதும், பிறந்த மரபும் அதற்குக் காரணங்களாகக் காட்டப்பட்டன.

வேறொருவராயின் மனம் கசந்து சென்னைக்குத் திரும்பியிருப்பர். கோயிலைக் கட்டியவர் என்னும் உரிமையால் பிறரைத் தடுக்கவும் முயன்றிருப்பர். நாகரத்தினம்மாள் இவ்விரண்டையும் செய்யவில்லை. பெண் இசைவாணர்களை ஒன்றுதிரட்டினார். ஆண்கள் முன்புறத்தில் பாட, பெண்கள் கோயிலின் பின்புறத்தில் தனியே ஆராதனை நடத்தினர். 1927-ஆம் ஆண்டு முதல் இவ்வாறு பெண்களின் விழா நடைபெற்றது. இரு கட்சிகள் இருந்த இடத்தில் மூன்றாவது கட்சி ஒன்று தோன்றியது. முன்புறத்திலும் பின்புறத்திலும் ஒலித்தவை ஒரே தியாகராஜரின் பாடல்களே. இடையில் நின்றது சுவர் மட்டுமே.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் இந்நிலை நீடித்தது. காலம் மெல்ல மாறியது. பெண்கள் சபாக்களில் பாடிப் பெரும்புகழ் பெற்றனர். பிரிந்து நின்ற கட்சிகளை ஒன்றுசேர்க்க முசிரி சுப்பிரமணிய ஐயர் முதலிய இசைவாணர்களும், எஸ். ஒய். கிருஷ்ணசாமி என்னும் உயர் அலுவலரும் முயன்றனர். 1940-ஆம் ஆண்டளவில் ஒற்றுமை ஏற்பட்டது. அதன்பின் பெண்களும் ஆண்களோடு ஒரே இடத்தில், ஒரே விழாவில் பாடத் தொடங்கினர்.

இன்று ஆராதனை நாளில் நூற்றுக்கணக்கான இசைவாணர்கள் எதிரெதிர் வரிசைகளில் அமர்கின்றனர். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனங்களை ஒரே குரலாகப் பாடுகின்றனர். ஆணும் பெண்ணும், ஆசிரியரும் மாணவரும் அவ்வரிசையில் உள்ளனர்.

இறுதிக் காலம்

நாகரத்தினம்மாள் தம் முதுமையைத் திருவையாற்றிலேயே கழித்தார். தம் சொத்துகளைத் தியாகராஜரின் வழிபாட்டிற்காக அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். தமக்குப் பின்னரும் பெண்கள் அங்குத் தடையின்றிப் பாட வேண்டும் என்பதே அவருடைய விருப்பமாக இருந்தது. 1952-ஆம் ஆண்டு மேத் திங்கள் 19-ஆம் நாள் இயற்கை எய்தினார். தியாகராஜர் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் நினைவிடம் அமைக்கப்பட்டது. அங்குள்ள சிலையில் அவர் கைகூப்பிய நிலையில், தாம் போற்றிய பெருமானை நோக்கி அமர்ந்திருக்கிறார்.

பாறசாலையின் குரல்

திருவையாற்றில் வழி பிறந்த பின்னரும் நவராத்திரி மண்டபத்தில் பழைய வழக்கம் நெடுநாள் நீடித்தது. அதனை மாற்றும் வாய்ப்பு, ஊர்வலம் செல்லும் வழியிலுள்ள பாறசாலையில் பிறந்த ஒருவருக்குக் கிடைத்தது. அவர் பாறசாலை பொன்னம்மாள் (1924–2021). திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் சேர்ந்து பயின்ற அவர், பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். 2006-ஆம் ஆண்டு, தம் எண்பத்தொன்றாம் வயதில், நவராத்திரி மண்டபத்தில் கச்சேரி செய்தார். அம்மண்டபத்தில் பாடிய முதற் பெண்மணி அவரே. 2017-ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நாகரத்தினம்மாள் மறைந்து ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து நிகழ்ந்தது இது. காவிரிக் கரையில் ஒருவர் திறந்த வாயில், காலம் கடந்து, நெய்யாற்றைத் தாண்டியும் திறந்தது. மறைந்த இசைவாணர்க்குப் பாடல் அஞ்சலி செலுத்தும் உரிமை, அவருடைய பாடலை அன்போடு கற்ற எல்லார்க்கும் உரியது. அதனை உலகுக்கு உணர்த்தியதே நாகரத்தினம்மாள் வாழ்வின் பெருமை.

சொல்லும் பொருளும்

அஞ்சலி – வணக்கம், மரியாதை
திருமுன் – இறைவன் அல்லது பெரியோரின் முன்னிலை
பிணக்கு – மனவேறுபாடு
வழுவாமல் – தவறாமல்
குடமுழுக்கு – கும்பாபிசேகம்
அரிகதை – இசையோடு கதை கூறும் கலை

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. நாகரத்தினம்மாள் பிறந்த ஊர் __________.
2. தியாகராஜர் சமாதிக் கோயிலின் குடமுழுக்கு நடைபெற்ற ஆண்டு __________.
3. நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதற் பெண்மணி __________.

ஆ. பிரித்து எழுதுக.
1. பாடலாசிரியர்
2. முதுமைக்காலம்
3. தம்மவர்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தியாகராஜரின் இசை நாகரத்தினம்மாளை எவ்வழியாக வந்தடைந்தது?
2. பெரிய கட்சியும் சின்னக் கட்சியும் எதில் ஒன்றுபட்டிருந்தன?
3. நாகரத்தினம்மாள் தம் செல்வத்தை எதற்காகச் செலவிட்டார்?

ஈ. சிந்தித்து எழுதுக.
தாம் கட்டிய கோயிலில் பாட இயலாத நிலையில் நாகரத்தினம்மாள் மேற்கொண்ட வழி சரியானதா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

உ. செயல்பாடு
உம் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ பாடும் பழைய பாடல் ஒன்றைக் கேட்டறிக. அது எந்த ஊரில், யாரிடமிருந்து கற்றது என்பதை ஐந்து தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.