கில்லியா இருந்தவர் காலியான கதை: பிரேம்சந்த் ராய்சந்த்



ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துப் பசங்களுக்கு ஒரு விஷயத்தை யாரும் சொல்லித் தர வேண்டாம். எங்கேயோ ஒரு நாட்டுல என்ன நடக்குதோ, அதுதான் நம்ம வீட்டுச் சம்பளம். ஆர்டர் வந்தா ஷூ கம்பெனியில ஓவர்டைம். வரலைன்னா வீட்டுல உட்காரணும். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்போ டீக்கடை வரைக்கும் அதே பேச்சுதான்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டுப் பையன்தான் என் ரூம்மேட். அப்பா ஷூ கம்பெனியில கட்டிங் செக்‌ஷன். இவன் ஃபீஸ் கட்டக் கொடுத்த பணத்தை ஆப்ஷன் ட்ரேடிங்ல போட்டான். மார்க்கெட் ஏறின வரைக்கும் ஹாஸ்டல்ல அவன்தான் கில்லி. மார்க்கெட் மாறிச்சு, அவன் மாறல. விட்டதைப் பிடிக்கிறேன்னு லாட்டை டபுள் பண்ணான். ரெண்டே வாரம், அக்கவுண்ட் காலி. அன்னைக்கு ராத்திரி மொட்டை மாடியில அவனுக்குச் சொன்ன கதைதான் இது.

பிரேம்சந்த் ராய்சந்த் 1831ல் சூரத்தில் ஒரு ஜைனக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பம்பாய்க்கு வந்து ஆங்கிலம் படித்தார். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் பங்குத் தரகர் அவர்தான் என்பார்கள். இருபது வயது ஆகும் முன்பே தரகுத் தொழிலில் இறங்கிவிட்டார். பருத்தி, பங்கு இரண்டிலும் அவர் கை ஓங்கியது.

1861ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. வட மாநிலங்களின் கப்பற்படை தென் மாநிலத் துறைமுகங்களை அடைத்துவிட்டது. அமெரிக்கப் பருத்தி கிடைக்காமல் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்கள் பம்பாய் பக்கம் திரும்பின. விலை எகிறியது. லிவர்பூல் விலை நிலவரம் கப்பலில்தான் வரும். கப்பல் கரை சேரும் முன்பே படகு அனுப்பி அந்தச் செய்தியை வாங்கிவிடுவாராம் பிரேம்சந்த். இன்னைக்கு லேட்டன்ஸின்னு சொல்றோமே, அந்த விஷயத்துல அன்னைக்கே அவர் எல்லாரையும் முந்திட்டார்.

பருத்திக் காசு குவிய, பம்பாயே பங்கு வாங்க ஆரம்பித்தது. புதுப்புது வங்கிகள், ஃபைனான்ஸ் கம்பெனிகள், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகள் முளைத்தன. பேக் பே கம்பெனியின் 5,000 ரூபாய்ப் பங்கு பத்து மடங்கு விலைக்குப் போனது. பிரேம்சந்த் கைகாட்டிய ஆளுக்கு பாங்க் ஆஃப் பாம்பே கடன் கொடுத்தது. கடனுக்கு ஈடு, அந்தப் பங்குகளே. பங்கு ஏறினா கடன் கிடைக்கும், கடன் கிடைச்சா பங்கு ஏறும். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல பாஸ் ஆனவங்களுக்குத் தெரியும், இது பாசிட்டிவ் ஃபீட்பேக். எங்கேயாவது வெடிச்சே தீரும்.

1865 ஏப்ரலில் தென் மாநிலங்களின் தளபதி லீ சரணடைந்தார். பருத்தி விலை சரிந்தது. அதே வருடம் பாரசீக வளைகுடா வழியாகத் தந்தி வந்து இந்தியாவை ஐரோப்பாவோடு இணைத்தது. செய்தி கம்பியிலேயே வரும்போது படகுக்கு என்ன வேலை? ஜெயிக்க வெச்ச காத்தும் நின்னுபோச்சு, கையில இருந்த சாமர்த்தியமும் பழசாயிடுச்சு. ஆனா கடன் மட்டும் அப்படியே இருந்துச்சு.

1865 ஜூலை 1. முன்தேதி போட்டு வாங்கி விற்ற ஒப்பந்தங்களுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டிய நாள். நம்ம எக்ஸ்பைரி மாதிரின்னு வெச்சுக்கோங்க. வாங்குவதாக ஒத்துக்கொண்டவர்கள் கையில் பணம் இல்லை. ஒருவர் விழ, அவரை நம்பிய அடுத்தவரும் விழுந்தார். 2,850 ரூபாய் வரை போன பாங்க் ஆஃப் பாம்பே பங்கு பிறகு 87 ரூபாய்க்கு வந்தது. 1868ல் அந்த வங்கியையே மூடினார்கள். விசாரணைக் கமிஷன் பிரேம்சந்த் மீதும் பெரிய பழி போட்டது. அது நியாயமான பழிதான். அவர் பேச்சை நம்பி எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்திருந்தன.

அவரும் திவாலானார். ஆனா ஊரை விட்டு ஓடல. திரும்பவும் தரகராகவே உட்கார்ந்து மெதுவாக மேலே வந்தார். பழைய உயரம் திரும்பவில்லை என்றாலும் மரியாதை திரும்பியது. இன்று பி.எஸ்.இ. என்கிறோமே, 1875ல் அந்தத் தரகர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1906ல் இறந்தார். சரிவுக்குப் பிறகு நாற்பது வருடம் அதே ஊரில் வாழ்ந்திருக்கிறார்.

உச்சத்தில் இருந்த 1864ல் பம்பாய் பல்கலைக்கழகத்துக்கு நூலகம் கட்ட 2 லட்சம், மணிக்கூண்டு கட்ட 2 லட்சம் என்று கொடுத்திருந்தார். மணிக்கூண்டுக்குத் தன் அம்மா ராஜாபாய் பெயரை வைக்கச் சொன்னார். 1878ல் கட்டி முடித்த அந்தக் கூண்டு இன்னைக்கும் மும்பையில நிக்குது. மார்க்கெட்டுல இருந்து வெளியே எடுத்தது நின்னுச்சு. திரும்பத் திரும்ப உள்ளேயே போட்டது போயிடுச்சு.

செபி 2024ல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று வருடங்களில் எஃப் அண்ட் ஓ செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். ஆளுக்குச் சராசரியா 2 லட்சம். அதனால மார்க்கெட் கஷ்டமாகும்போது புது இண்டிகேட்டர் தேடாதீங்க. அளவைக் குறைங்க, கடன் வாங்காதீங்க, புரியலைன்னா சும்மா இருங்க. ஆர்டர் இல்லாத மாசத்துல நம்ம வீட்டுல செலவைக் குறைக்கிற மாதிரிதான். ஃபீஸ் பணத்தை மட்டும் தொடவே தொடாதீங்க.

ரூம்மேட் என்ன ஆனான்னு கேப்பீங்க. ஒரு வாரம் போராடி அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிட்டான். அவர் திட்டல, ரொம்ப நேரம் போன்ல பேசவே இல்லையாம். ஃபீஸை இப்போ தவணையில கட்டுறாங்க. ஆப்பை அவனே டெலீட் பண்ணிட்டான்.

அடுத்த இதழ்ல பார்ப்போம் மக்களே!