தொழிற்கல்வியின் தந்தை புனித தொன் போஸ்கோ



தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் பட்டறைகளுக்குக் குறைவில்லை. பிள்ளைகளைத் தொழில் பழக அனுப்பும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. அவர்கள் சிந்தனைக்காகப் புனித தொன் போஸ்கோவின் வரலாற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

வட இத்தாலியில் பெக்கி என்னும் சிற்றூரில், ஏழை உழவர் குடும்பத்தில், 1815 ஆகஸ்டு 16-ஆம் நாள் அவர் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்பே தந்தையை இழந்தார். தாய் மார்கரீத்தா பாடுபட்டு வளர்த்தார். படிக்கும் காலத்திலேயே தையலும் கொல்லுவேலையும் பழகினார். காப்பிக் கடையிலும் வேலை பார்த்தார்.

1841 ஜூன் 5-ஆம் நாள் தூரின் நகரில் குருப்பட்டம் பெற்றார். அந்நகரின் சிறைச்சாலைகளில் இளம் சிறுவர்களைக் கண்டு உள்ளம் உருகினார். பிழைப்புத் தேடி வந்து, ஆதரவின்றிக் கெட்டுப்போனவர்கள் அவர்கள். 1846-இல் வால்தொக்கோ பகுதியில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, ஞாயிறுதோறும் சிறுவர்களைக் கூட்டி, ஜெபமும் படிப்பும் விளையாட்டும் நடத்தினார்.

ஞாயிறு மட்டும் போதாது என்பதை விரைவில் உணர்ந்தார். வார நாட்களில் வேலைத்தலங்களுக்கே சென்று பிள்ளைகளைப் பார்த்தார். 1851 முதல், பட்டறை முதலாளிகளோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்யலானார். தொழிலை முறையாகக் கற்றுத்தர வேண்டும். வேறு ஏவல் வேலை வாங்கக் கூடாது. தவறினால் சொல்லித் திருத்தலாம், அடிக்கக் கூடாது. திருநாட்களில் ஓய்வு தர வேண்டும். கூலி படிப்படியாக உயர வேண்டும். இவையே நிபந்தனைகள். முதலாளியோடு சிறுவனும் அவன் தந்தையும் தொன் போஸ்கோவும் கையொப்பமிட்டனர். அவற்றுள் சில இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

ஆயினும் வெளிப்பட்டறைகளின் தீய பழக்கங்கள் பிள்ளைகளைத் தொற்றின. எனவே தம் இல்லத்திலேயே தொழிற்கூடங்கள் அமைத்தார். 1853-இல் செருப்புத் தைத்தலும் தையலும், 1854-இல் புத்தகம் கட்டுதலும், 1856-இல் தச்சுவேலையும் தொடங்கின. பின்னர் அச்சகமும் கொல்லுப்பட்டறையும் எழுந்தன.

1859-இல் சலேசிய சபையை நிறுவினார். 1888 ஜனவரி 31-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவருடைய மக்கள் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்து, இந்தியாவில் தம் பணியைத் தொடங்கினர். 1934-இல் பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். வால்தொக்கோவில் அவர் வாழ்ந்த இல்லம் 2020 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

பெற்றோரே, மகனை வேலைக்குச் சேர்க்கும்போது எவ்வளவு கூலி என்று கேட்கிறோம். தொழிலைக் கற்றுத்தருவார்களா, கைநீட்டி அடிப்பார்களா, ஓய்வு உண்டா என்றும் கேட்போம். சேர்த்துவிட்டதோடு நில்லாமல், அவ்வப்போது நேரில் சென்றும் பார்த்து வருவோம். தொன் போஸ்கோ செய்தது அதுவே.