கல்லில் ஏறிய பெயர்கள்

தஞ்சைக்குப் போகிறவர்கள் பெரிய கோயிலை அண்ணாந்து பார்க்கிறார்கள். 200 அடியைத் தாண்டிய விமானம் அல்லவா! தம்பி, நீ ஒருமுறை குனிந்து அதன் அடித்தளத்தைப் பார். எழுத்துகள் தெரியும். கட்டிய மன்னன் இராசராசன் யார் என்பதை அவை சொல்லும், கணக்கையும் சொல்லும்.

அருண்மொழி என்பது அவன் இளமைப் பெயர். சுந்தர சோழனின் இளைய மகன். அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். ஆனாலும் அரியணை உடனே இவனுக்கு வரவில்லை. உத்தம சோழன் ஆண்டு முடித்த பிறகு, 985இல் முடிசூடினான். காந்தளூர்ச் சாலை, பாண்டி நாடு, ஈழம் என்று படை போயிற்று, பொன் வந்தது. சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்டுவந்த செல்வத்தில் இத்தனை கழஞ்சு கோயிலுக்கு என்று எழுதிவைத்தான். கொள்ளைப் பொருளை ஒளிக்காத நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்!

அக்கை குந்தவை கொடுத்தாள், தேவியர் கொடுத்தனர், அதிகாரிகள் கொடுத்தனர். கொடுத்த காசு கருவூலத்தில் தூங்கவில்லை. ஊர்ச் சபைகளுக்குக் கடனாகப் போயிற்று. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்கு 12½. விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு. ஆட்டைப் பெற்ற இடையன் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். சாமி பெயரால் நடந்த வங்கி என்றால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். வேறென்ன பெயர் வைப்பதாம்?

பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 ஆடற்பெண்டிரைக் கொண்டுவந்து குடியேற்றினான். ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒவ்வொருத்தியின் பெயரும் வந்த ஊரும் கல்லில் உண்டு. நட்டுவர், கணக்கர், தையற்காரர் பெயர்களும் உண்டு. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கும் ஆனைமங்கலத்தைத் தந்தவன் அவன். அவனை ஒரே சமயக் கூண்டில் அடைக்க நினைப்போர் இதையும் படிக்கட்டும்.

அத்தனை கலம் நெல்லும் எங்கிருந்து வந்தது? காவிரி பாயும் சோழநாட்டு ஊர்களிலிருந்து, ஈழத்து ஊர்களிலிருந்தும்கூட. நிலத்தை நுணுக்கமாக அளக்கவைத்தவன் ஆயிற்றே! ஊரின் மொத்தப் பரப்பைச் சொல்லி, வரி விலக்கான இடங்களைக் கழிக்கிறது கல்வெட்டு: ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு. அந்த வரிசையில்தான் பறைச்சேரியும் வருகிறது! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தனிச்சேரி. கழித்த கணக்கில் ஒரு சொல்லாக அது நிற்கிறது. சேற்றில் இறங்கி நட்டவள் பெயர், அறுத்துக் களத்தில் அடித்தவன் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, தேடிப் பார் தம்பி.

1010இல் விமானத்தின் உச்சிக்குச் செப்புக் கலசம் கொடுத்தான். 1014இல் அவன் ஆட்சி முடிந்தது. பின்னர் ஊரே அவனை மறந்தது. தலபுராணம் வேறொரு சோழனைக் கட்டியவனாக்கியது. 19ஆம் நூற்றாண்டில் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்வெட்டுகளைப் படித்த பிறகே, கட்டியவன் இராசராசன் என்பது மீண்டும் தெளிவாயிற்று. கல்லில் பெயர் இருந்தது, கண்டுபிடிக்க முடிந்தது.